மழைக்குக் கொடுத்த கவுன்

"எப்பம்மா கெளம்புற?" என்று என் ஓரகத்தியைக் கேட்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. கேட்டவர்களில் பெரும்பாலோர் அன்பாகவே கேட்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள், கையில் ஒரு பெண் குழந்தை, பிறந்த நாடோ கடல் கடந்த தொலைவில். அவள் திரும்பிப் போவதுதான் நடக்கக்கூடியது என்று ஊர் தன்னளவில் முடிவு செய்திருந்தது. அவர் நடையை நிறுத்தாமலே, "நான் எங்க போறது, வெத ஊறிக்கினு கீது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவர் டென்மார்க் நாட்டுப் பண்ணை வீடொன்றில் பிறந்தவர். என் கணவரின் அண்ணன் பால்பண்ணைத் தொழில் கற்க அங்கே சென்று, தங்கிய வீட்டின் மகளையே மணந்து, எழுபதுகளின் நடுவில் உத்திரமேரூருக்கு அருகே, மானாம்பதியைத் தாண்டிய எங்கள் கிராமத்துக்கு அழைத்து வந்தார். சில ஆண்டுகள் கழித்து நான் இளைய மருமகளாக அந்த வீட்டில் நுழைந்தேன். காஞ்சிபுரத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தவள் நான்; புத்தகம் இல்லாத அறையில் தூக்கம் வராதவள். நாற்றுக்கும் களைக்கும் வேற்றுமை எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். நான் அவரை அக்கா என்று அழைத்தேன். அவருடைய தமிழ் நடவுப் பெண்களிடம் கற்ற தமிழ். "இன்னா நீ, ரேடியோல நியூஸ் படிக்கிற மாதிரியே பேசுற" என்று என்னைக் கேலி செய்வார். வெளுத்த புருவமும் வெயிலில் சிவந்து தோலுரிந்த மூக்குமாக இருந்த அந்த முகம் 'இன்னா' என்று பேச்சைத் தொடங்கும்போது, ஊருக்குப் புதிதாய் வந்தவர்கள் திகைத்து நிற்பார்கள்.

ஓர் ஆவணி மாதத்தில், ஈரக்கையோடு மோட்டார் கொட்டகைக்குள் போன என் கணவரின் அண்ணன் மின்சாரம் தாக்கி இறந்தார். அப்போது அவர்களுடைய மகள் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும் வயதைக் கடந்திருக்கவில்லை. காரியங்கள் முடிந்ததும் மாமனார் உறவினர் அனைவரையும் வைத்துக்கொண்டு, "கெணத்துமோட்டுக் கழனி பெரியவளுக்கும் கொயந்தைக்கும். அவ இருக்கறவரைக்கும் அவதான் பயிர் வெப்பா" என்றார். அவர் சொன்னதை எதிர்த்துப் பேசுகிறவர் ஊரில் இல்லை. ஆயினும் அந்த 'இருக்கறவரைக்கும்' ஊரார் மனத்தில் தங்கிவிட்டது.

அக்காவின் விருப்பம் எளியது. கணவர் உழுத கழனியில் தாமே பயிர் வைக்க வேண்டும். மகளை இந்த ஊர்ப் பெண்ணாகவே வளர்க்க வேண்டும். டென்மார்க்கில் அவருடைய தம்பி பண்ணையை நடத்திக்கொண்டிருந்தார். வந்துவிடு என்று அழைத்துக்கொண்டும் இருந்தார். "எங்க நைனா செத்தப்பறம் எங்கம்மாதான் பண்ணைய பாத்துக்கினாங்க. அங்க யாரும் அவங்கள எப்போ போறேன்னு கேக்கல" என்று ஒருநாள் களை பறித்தபடியே சொன்னார். எனக்கு அப்போது குழந்தை இல்லை. அவருடைய மகள் பாதி நாட்கள் என் பக்கத்தில்தான் படுத்துக்கொள்வாள். ஆகவே அவர் இருப்பாரா போவாரா என்பது என் கவலையாகவும் இருந்தது.

ஊர் அவரை மரியாதைக் குறைவாக நடத்தியதே இல்லை. அதுதான் அவருக்குத் துன்பமாக இருந்தது. கல்யாண வீடுகளில் எங்களையெல்லாம் காய் நறுக்க விரட்டுவார்கள்; அவருக்கு மட்டும் நாற்காலி போட்டு, சோடா வாங்கி வந்து கொடுப்பார்கள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்க வீடுவீடாகக் கேழ்வரகு வாங்க வருபவர்கள் என்னிடம் வாங்கிக்கொண்டு, அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். ஒருமுறை அவர் முறத்தில் கேழ்வரகோடு வாசலுக்கு வருவதற்குள் அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த முறத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தவர், வெகுநேரம் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

அதன்பின் மழை பொய்த்தது. ஓராண்டு சிறிதளவு பெய்து நாற்றைக் காய வைத்தது. மறு ஆண்டு அதுவும் இல்லை. ஏரியின் நடுவில் மாடுகள் படுத்திருந்தன. கிணறுகளில் மோட்டாரை இறக்கி இறக்கி வைத்தும் சேறுதான் வந்தது. சாலவாக்கம் பக்கத்தில் மாடுகளைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுச் சென்னைக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் அந்தக் காலத்தை விளக்க வேண்டியதில்லை.

வறட்சி நீண்டால் மனிதர்கள் காரணம் தேடுவார்கள். அடிபம்பில் குடத்தோடு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற இருவர் நான் இருப்பதை அறியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"புருஷன் போன வூட்ல ஒரு மூலைல ஒக்காராம கழனில நிக்கிறா. வானம் எப்டி எறங்கும்?"

"சும்மா கெட. அவங்க ஊர்ல அதெல்லாம் இல்ல."

"அவங்க ஊர்ல இல்லன்னா அவங்க ஊர்ல போயி நிக்கட்டும். நம்ப ஊர்ல பேஜாரு பண்ணிக்கினு."

திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி தன் குடத்தை நகர்த்தி, "நீ புடிச்சுக்கமா மொதல்ல" என்றாள். நான் இதை அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு தம் காதுக்கும் எட்டியிருந்தது என்று பின்னால் ஒருநாள் அவரே சொன்னார்.

ஐப்பசியும் பாதி கடந்தபோது, கொடும்பாவி கட்டுவது என்று ஊர் கூடி முடிவு செய்தார்கள். மழை வராததற்கு யாரோ ஒரு பெரும்பாவி காரணம் என்று கொண்டு, வைக்கோலால் அந்தப் பாவியைச் செய்து, பாடையில் ஏற்றி, தெருத் தெருவாகக் கொண்டுபோய் ஏரிக்குள் எரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாடை ஒவ்வொரு வீட்டின் முன்னும் நிற்கும். அந்த வீட்டின் மூத்த பெண் வெளியே வந்து துடைப்பத்தால் பாவியை ஓர் அடி அடிக்க வேண்டும். பாடையைத் தோளில் ஏற்றிவிட்டால் ஏரி போய்ச் சேரும்வரை கீழே இறக்கக்கூடாது, திருப்பவும் கூடாது. உண்மையான பிணத்துக்கு உரிய விதிகள் அனைத்தும் அதற்கும் உண்டு.

நடவுக்கு ஆள் கூட்டி வருகிற பெண் ஒருத்தி, கொடும்பாவிக்குப் பழந்துணி கேட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்காவிடம் அதிகம் பேசிப் பழகியவள் அவள்தான். ஆகவே என்னைத் தேடாமல் அவரிடமே கேட்டுவிட்டாள்.

"பழைய துணி ஏதுனா கீதாம்மா? கொடும்பாவிக்குக் கட்டணும்."

"எல்லா வூட்லயும் கேட்டியா?"

"கேட்டேன். எவ குடுக்கறா? கட்டிக்கவே இல்லன்னு கதவ சாத்திக்கிறாளுங்க."

அக்கா சிரித்தார். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, நீல நிறத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட கவுன் ஒன்றை எடுத்து வந்தார். அந்த ஊருக்கு அவர் முதன்முதலில் வந்து இறங்கியபோது உடுத்தியிருந்தது அது. கணவர் இறந்தபின், உறவினர் சொன்னபடி, அவர் சாயத்துணி எதையும் உடுத்துவதில்லை. நல்ல துணியாயிற்றே என்று நான் தடுக்கப் பார்த்தேன்.

"இருக்கட்டும். எங்க ஊர்லயும் இது கீது" என்றார். கோடையின் நடுவில், பொழுது சாயவே மறுக்கும் அந்த நீண்ட நாளில், கடற்கரையில் பெரிய நெருப்பு மூட்டி, சுற்றி நின்று பாடுவார்களாம். வைக்கோலால் ஒரு சூனியக்காரியைச் செய்து, யாராவது ஒருவர் வீட்டுப் பழைய உடுப்பை அதற்கு மாட்டி, தீயின் உச்சியில் வைப்பார்களாம். அவள் எரிந்து, பறந்து, வெகுதூரத்து மலை ஒன்றுக்குப் போய்விடுவாளாம். "சின்னப்ப எங்கம்மா பாவாடைய ஒருதபா குடுத்தாங்க. எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா? எங்க வூட்டுது, எங்க வூட்டுதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"இங்கே பாட மாட்டார்கள் அக்கா. ஒப்பாரி வைப்பார்கள். மாரில் அடித்துக்கொள்வார்கள்."

"அழட்டும். தண்ணி இல்ல, அழாம இன்னா பண்ணுவாங்க" என்றார். அவருடைய முகத்தில் இருந்த நிறைவு துணியைப் பற்றியது அன்று. முதன்முறையாக ஊர்ப் பொதுக் காரியம் ஒன்றுக்கு அவர் கையிலிருந்து ஒரு பொருளைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் பறைச்சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் மாமியார் முன்னமே காலமாகிவிட்டதால் துடைப்பம் எடுக்க வேண்டியவர் அக்காதான். நான் சொல்லிக் கொடுத்தபடி, புதுத் துடைப்பத்தை வலக்கையில் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் நின்றார். மாமனார் நிலைப்படியை ஒட்டி நின்றார். என் கணவர் உத்திரமேரூர் போயிருந்தார். குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தபடி இருந்தாள்.

தெருத்திருப்பத்தில் பாடை தெரிந்தது. தலைவிரி கோலமாகப் பெண்கள் முன்னால் அழுதபடி வந்தார்கள். தொடக்கத்தில் அது விளையாட்டு அழுகையாகத்தான் இருந்திருக்கும். எங்கள் தெருவுக்கு வருவதற்குள் பலர் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார்கள். பாடையில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் அக்காவின் நீலக் கவுன். கழுத்துக்கு மேல் சுண்ணாம்பு பூசிய பானை. கண்ணும் வாயும் கரியால் எழுதியிருந்தார்கள். பானையின் மேல், பிரித்த கோணிச் சணலால் ஆன முடி. வெளிர் பழுப்பு நிறம். தோள்வரை தொங்கியது.

பிற்பாடு அந்த நடவுப் பெண்ணிடம் நான் விசாரித்தேன். அவள் தலை குனிந்து சொன்னாள்: "எப்பவும் பன நாருக்குக் கரி பூசித்தான் முடி வெப்போம். கவுனு போட்டதும் கருப்பு முடி நல்லா இல்லன்னு பசங்க சணல வெச்சிட்டானுங்க. பொருத்தமா இருக்கட்டும்னு பண்ணதுதான். தெருவுல எடுத்துக்கினு வந்தப்பறம்தான் அது யாரு மாதிரி கீதுன்னு எனக்கே தெரிஞ்சிச்சி." நான் அதை நம்புகிறேன். ஒரு வேலையைச் செய்யத் தொடங்கியவர்கள் அதை நன்றாக முடிக்க விரும்பினார்கள். அப்படி முடித்தபோது, அவர்கள் செய்தது எங்கள் வீட்டு மூத்த மருமகளாக இருந்தது.

பாடை எங்கள் வீட்டின் முன் நின்றது. சுமந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பறை அடித்தவரின் கை தளர்ந்து, பின் நின்றேவிட்டது. அழுகையும் ஒவ்வொரு குரலாக அடங்கியது. அந்த அமைதியில் குழந்தை தெளிவாகச் சொன்னாள்: "அம்மா, அது நீ."

நான் மாமனாரைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் ஊர் கேட்டிருக்கும் என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவருக்குப் பின்னால் காய்ந்துபோன கழனிகளும், எங்களை நம்பி இருந்த குடும்பங்களும் இருந்தன. எடுத்த பாடையைத் திருப்பினால் அந்த ஆண்டும் மழை இல்லையென்றாகி, அதற்கான காரணமும் எங்கள் வீடென்றாகிவிடும். அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நடவுப் பெண் மெல்ல முன்னால் வந்து, "அடிச்சிடும்மா. ரொம்ப நேரம் நிக்கக் கூடாது" என்றாள்.

அக்கா அடித்தார். மற்ற வீடுகளில் எப்படி அடித்தார்களோ அதே அளவு. மெதுவாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. சணல்முடி ஒருபக்கம் சரிந்தது. சுமந்தவர்களில் ஒருவன் கையை நீட்டி அதைச் சரி செய்தான். பறை மீண்டும் ஒலித்தது. அவர் துடைப்பத்தைத் தெருவிலேயே போட்டுவிட்டு, வழக்கப்படி கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வாரமே மழை வந்தது. வடகிழக்கிலிருந்து கருத்து வந்து, இரண்டு நாள் விடாமல் பெய்து, ஏரி பாதிக்கு மேல் நிறைந்தது. கடலில் புயல் சின்னம் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி தேவைப்படவில்லை.

அதன்பின் நடந்ததுதான் எனக்கு எழுதக் கடினமாக இருக்கிறது. ஊர் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார்; பகை காட்டியிருந்தாலும் எதிர்த்து நின்றிருப்பார். ஊர் நன்றி பாராட்டியது. தெருவில் பெண்கள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "ஒன் துணி ராசியான துணிம்மா" என்றார்கள். நடவுக்கு ஆள் கிடைக்காத அந்த நெருக்கடியிலும் கெணத்துமோட்டுக் கழனிக்குத்தான் முதலில் வந்து இறங்கினார்கள். எப்போது கிளம்புகிறாய் என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. மாமனார்கூட வெளியூர் உறவினரிடம், "நம்ம வூட்டுத் துணிதான்" என்று சொல்வதைக் கேட்டேன். அந்தக் குரலில் பெருமையும் இருந்தது. அதை மறைக்கும் முயற்சியும் இருந்தது.

அக்கா முன்னைவிட அதிகமாக உழைத்தார். குறைவாகப் பேசினார். ஒரு மாலை, வரப்போரத்தைச் செதுக்கி அண்டை கழித்துக்கொண்டிருந்த மண்வெட்டியை ஊன்றி நின்று என்னிடம் கேட்டார்: "எங்க ஊர்ல எரிச்சா, தூரமா அனுப்பறோம்னு அர்த்தம். இங்க இன்னா அர்த்தம்? என்னை அனுப்பிட்டாங்களா, வெச்சுக்கினாங்களா?"

"வைத்துக்கொண்டார்கள்" என்றேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

இரண்டாம் களை எடுத்த நாளில் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனேன். உண்டுவிட்டு இருவரும் ஏரிக்கரை வழியாகத் திரும்பினோம். கரையின் கீழே, புளியமரத்தடியில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. தென்னை மட்டை ஒன்றில் எங்கள் குழந்தை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மார்பின்மேல் கைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். இரண்டு பிள்ளைகள் மட்டையை இழுத்தார்கள். ஒருவன் தகரத்தைத் தட்டினான். மற்றவர்கள் வேப்பங்கொத்தால் அவளைத் தொட்டுத் தொட்டு அடித்தபடி ஒப்பாரி வைத்தார்கள். நாங்கள் இறங்குவதற்குள் விளையாட்டில் ஏதோ தகராறு. வேறொரு சிறுமி, தானும் ஒருமுறை படுக்க வேண்டும் என்றாள்.

எங்கள் குழந்தை கண்ணைத் திறக்காமலே, "நீ ஆவ முடியாது. எங்கம்மாதான் கொடும்பாவி. நான் பெரியவளானா நான்தான்" என்றாள்.

தன் தாயின் பாவாடை ஊர்த் தீயில் எரிந்ததைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த சிறுமி ஒருத்தி அக்காவுக்குள் இருந்தாள் அல்லவா. அவளுக்கு இது விளங்கியிருக்கும். அவர் மகளைத் திட்டவில்லை. மட்டையிலிருந்து தூக்கி, முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வீடு வரை தோளிலேயே சுமந்து வந்தார்.

அன்று விளக்கு வைத்தபின் அவர் மாமனாரின் முன் போய் நின்றார்.

"அறுப்பு முடிஞ்சதும் நாங்க கெளம்பறோம் மாமா."

"இன்னா கொறை வெச்சோம்?" என்றார் மாமனார்.

"ஒரு கொறையும் இல்ல."

"அன்னிக்கு நான் நிறுத்தியிருக்கணும்னு சொல்றியா? பாடைய எடுத்துட்டா எறக்கக் கூடாதும்மா. உனுக்குத் தெரியாததா?"

"தெரியும். தெரிஞ்சதாலதான் நானும் அடிச்சேன்." அவர் குரல் உயரவில்லை. "நான் அடிச்சிட்டு இருந்துடுவேன் மாமா. அவ அதுக்குப் பெருமைப்பட்டுக்கினு வளரக் கூடாது."

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. அக்கா அதற்குக் காத்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. சற்று நின்றுவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

அறுவடை நன்றாக வந்தது. மாசிக் கடைசியில் ஒருநாள், இரும்புப் பெட்டியைக் கூடத்தில் இழுத்து வைத்து, குழந்தையின் துணிகளை நாங்கள் இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். அவரிடம் இருந்துவிடுங்கள் என்று கேட்க அதுதான் கடைசி வாய்ப்பு என்று நினைத்தேன். சொற்களைக்கூட மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன். குழந்தை பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு தாயிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அங்க மழ பேயலன்னா இன்னா பண்ணுவாங்க?"

"அங்க யாரும் கேக்காமலே பேயும். எப்பவும் பேஞ்சிக்கினேதான் கெடக்கும்."

குழந்தையின் முகம் வாடியது.

"அப்ப அங்க கொடும்பாவியே வேணாமா? நம்ப எதுக்கு அங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. குழந்தையைப் பெட்டியிலிருந்து தூக்கி இறக்கிவிட்டு, மடித்த துணிகளை அடியிலிருந்து அடுக்கத் தொடங்கினேன்.